கோடையில் நெடுந்தூர பைக் பயணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மே மாத இரண்டாம் வாரத்தில் நானும் என் நண்பரும் 350 சிசி பைக்குகளில் சென்னையிலிருந்து ஓங்கோல், ஹைதராபாத், அடிலாபாத் வழியாக நாக்பூருக்கு இரண்டே நாளில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் உறைக்காது, அரைக்கைச் சட்டையே போதும் என்கிறார் நண்பர். நம்பலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: நம்ப வேண்டாம். நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். மேலே படும் காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 42 டிகிரியில் வீசும் காற்றோ உடலுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும், வண்டியின் வேகம் கூடக் கூட இன்னும் அதிகமாகக் கொடுக்கும். அந்நிலையில் உடலைக் காப்பது வியர்வை உலர்வது ஒன்றுதான். வறண்ட காற்றில் விரைந்து செல்பவரின் வியர்வை துளிர்த்த கணமே உலர்ந்துவிடுவதால் சட்டை நனைவதில்லை. தமக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணியபடி, மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீரை இழந்துகொண்டே அவர் ஓட்டிக்கொண்டிருப்பார். நெடுஞ்சாலையில் வெயிலுக்கு இரையாகிறவர்கள் பலரும் இப்படித்தான் ஏமாந்துபோகிறார்கள்.

உங்கள் வழித்தடத்தில் இரு வேறு தட்பவெப்பங்கள் இருப்பதை மறவாதீர்கள். ஓங்கோல் வரை கடலோரப் பகுதி. காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலராமல் உடம்பிலேயே தங்கும். அங்கே காற்றோட்டம் தேவை என்பதால், வலைத்துணியால் ஆன ரைடிங் ஜாக்கெட் நல்லது. ஹைதராபாத்தைத் தாண்டி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போகப்போகக் காற்று வறண்டுவிடும். அங்கே இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டையை நன்றாக நனைத்து அணிந்து, அதன்மேல் ஜாக்கெட்டைப் பெரும்பாலும் மூடி, கழுத்தருகிலும் மணிக்கட்டிலும் மட்டும் சிறிது காற்று நுழையும்படி விடுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, சட்டையின் ஈரம் மெல்ல உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கழுத்தில் ஈரத்துண்டு, கைகளுக்கு உறை, ஹெல்மெட்டின் கண்ணாடி கீழிறக்கப்பட்ட நிலை ஆகிய மூன்றும் அவசியம். சட்டை ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும் என்பதால், நிற்கும் இடத்திலெல்லாம் மீண்டும் நனைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் 43 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அளக்கப்பட்டது. நேர்வெயிலும், தார்ச்சாலையிலிருந்து எழும் அனலும், கால்களுக்கிடையே கொதிக்கும் இன்ஜினும் அந்தக் கணக்கில் சேராதவை. 2015 மே மாத வெப்ப அலையில் இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் நீங்கள் கடக்கவிருக்கும் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். ஆகவே, 1,100 கிலோமீட்டரை இரண்டு நாளில் முடிக்கும் எண்ணத்தைக் கைவிடும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஓங்கோல், ஹைதராபாத், அடிலாபாத் ஆகிய ஊர்களில் இரவு தங்கி, நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பத்தரை மணிக்குள் பெரும்பகுதியைக் கடந்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மாலை ஐந்துக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்குப் பயந்து இரவு முழுவதும் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும், சாலையில் படுத்திருக்கும் மாடுகளும், பின்னிரவுத் தூக்கமும் வெயிலைக் காட்டிலும் கொடியவை.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடாமல், மணிக்கு முக்கால் லிட்டர் வீதம் சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்துவிடும். எனவே, இடையிடையே உப்பிட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும்; மருந்துக்கடையில் பொட்டலத்தை வாங்கும்போது இதைச் சரிபாருங்கள். சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கோடையில் டயர் வெடிக்காமலிருக்க, வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். சரிதானா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தவறு, ஆபத்தும்கூட. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடங்கி விரிவதால் உட்புறம் மேலும் சூடேறும். அதுவே டயர் பிய்ந்துபோகக் காரணமாகிறது. ஓடும்போது அழுத்தம் சிறிது உயரும் என்பதைக் கணக்கில் கொண்டுதான் தயாரிப்பாளர்கள் அளவை நிர்ணயிக்கிறார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். வழியில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் கோடையில் நண்பர்களுடன் பைக்கில் நெடும்பயணம் போகிறான். கூட வருபவருக்கு வெப்பவாதம் என்பதை எப்படி அறிவது, என்ன செய்வது?
– வாசகி, கரூர்

பதில்: தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள், அந்நிலையிலேயே வண்டியை நிறுத்தி, நிழலில் அமர்ந்து நீர் அருந்தினால் பெரும்பாலும் தேறிவிடலாம். பேச்சு குழறுவது, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்வது, காரணமின்றிச் சினங்கொள்வது, நினைவு தப்புவது ஆகியவை தென்பட்டால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கலாம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் ஜாக்கெட்டையும் ஷூவையும் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இவ்வகை வெப்பத்தைக் குறைக்காது. தெளிந்து எழுந்தவர் தாம் நலமாக இருப்பதாகக் கூறினாலும், மருத்துவர் பார்க்காமல் அவரை மீண்டும் வண்டி ஓட்ட அனுமதிக்க வேண்டாமென்று உங்கள் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.