பதின்மூன்று பேரும் ஒரே மின்தூக்கியில் ஏற வேண்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தில் 13 பேர் சிங்கப்பூர் மரினா பே கப்பல் நிலையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வந்தோம். என் மாமியாருக்கு 76 வயது. முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில்தான் கூட்டிப் போனோம். மூன்றாம் நாள் இரவு அரங்கில் ஆட்டம் பாட்டம் முடிந்து அறைக்குத் திரும்ப மின்தூக்கிக்காக 25 நிமிடம் நின்றோம். வந்ததெல்லாம் நிறைந்தே வந்தது. கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், கதவு மூடிவிடும். எங்களுக்குப் பின்னால் வந்த இளைஞர்கள் பக்கத்துக் கதவில் புகுந்து போய்விட்டார்கள். ஒருவருக்காவது நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து இறங்கி வழிவிடத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மதியம் என் கொழுந்தனார், ஐஸ்கிரீம் வாங்கப் போன பிள்ளைகள் வரட்டும் என்று மின்தூக்கிக் கதவில் காலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த ஒரு சீன ஆன்ட்டி, ‘இது உன் வீட்டு லிஃப்டா?’ என்று சத்தம் போட்டுவிட்டார். என் கணவர் இன்றுவரை அந்த ஆன்ட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்த ஆன்ட்டி அப்படிப் பேசியது சரியா? அந்த இரவு நான் வாய் திறந்திருக்க வேண்டுமா? டிசம்பரில் மறுபடி போகப் பேச்சு நடக்கிறது. வீட்டாரிடம் என்ன சொல்வது?
- ஈசூன் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

கொழுந்தனார் விஷயத்தை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். அப்போது நானும் மற்றவர்களை நாலு வார்த்தை திட்டி, உங்களுக்கு ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். எழுதியதால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது.

முதலில் அந்த ஆன்ட்டி. சத்தம் போட்டது கூடாது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவரை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் கணவருக்கு இது கசக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கொழுந்தனார் கால் வைத்திருந்த அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் மேலேயும் கீழேயும் எத்தனை தளங்களில் ஆட்கள் பொத்தானை அழுத்திவிட்டு நின்றிருப்பார்கள்! அவர்களில் ஒருவர் உங்கள் மாமியாரைப் போல நாற்காலியில் இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் இரவு நீங்கள் நின்ற 25 நிமிடத்திலும் எங்கோ ஒரு தளத்தில் யாரோ ஒருவர் தன் பிள்ளைகளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும். அவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார்.

நாம் வீவக அடுக்குமாடி புளோக்கில் பழகியவர்கள். அங்கே ஒருவருக்குப் பள்ளி, ஒருவருக்கு வேலை, ஒருவருக்குச் சந்தை என்று ஆளுக்கொரு நேரம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வருகிறார் என்றால் கதவைப் பிடித்துக்கொள்வதுதான் நல்ல பழக்கம். கப்பலில் கணக்கே வேறு. இங்கிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் நாலாயிரம் பயணிகளுக்கு மேல் ஏறுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மணியடிக்கிறது. ஏறும் நாள் மதியம், சாப்பாட்டு நேரம், அரங்கில் நிகழ்ச்சி முடியும் நேரம், பினாங்கில் கரைக்கு இறங்கும் காலை, கடைசி நாள் பெட்டியோடு வெளியேறும் நேரம். இந்த ஐந்து வேளையில் எத்தனை மின்தூக்கி வைத்தாலும் போதாது. வீட்டில் நல்ல பழக்கமாக இருந்த கதவு பிடிப்பது அந்த வேளைகளில் மற்றவர்களுக்குத் தண்டனையாகிவிடுகிறது.

இதில் நம் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, நான் என் வீட்டிலும் பார்த்தது. சேர்ந்து போவது நமக்குப் பாசம். 13 பேர் கிளம்பினால் 13 பேரும் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். யாராவது பின்தங்கினால் விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அது அழகு. ஆனால் சக்கர நாற்காலியைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றால், மின்தூக்கிக்குள் இருப்பவருக்கு ஒரு பாட்டி தெரிய மாட்டார், ஒரு பெருங்கூட்டம்தான் தெரியும். ‘இவர்கள் எல்லாரும் எங்கே ஏறுவது’ என்று கதவு மூடும் பொத்தானைத் தேடுவார். அந்த இரவு உங்களைச் சுற்றி எத்தனை பேர் நின்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அத்தையும் நீங்களும் மட்டும் நின்றிருந்தால் மூன்றாவது கதவிலாவது ஒருவர் இறங்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

அதனால் டிசம்பருக்கு என் முதல் யோசனை: அத்தையோடு ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்கள் படிக்கட்டில். நடக்க முடிந்த பெரியவர்கள் கீழே இறங்க மூன்று தளம், மேலே ஏற இரண்டு தளம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளட்டும். உங்கள் கொழுந்தனாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கும் வேண்டாம், எல்லாமே படிதான். எந்தத் தளத்தில், எந்த இடத்தில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொண்டால் யாரும் யாருக்காகவும் கதவைப் பிடிக்க வேண்டியிருக்காது.

இனி, வாய் திறப்பது. ஆம், நீங்கள் பேசியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மனசில்லாமல் இல்லை. யார் இறங்குவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் கதவு மூடிவிடும். ‘வழி விடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். எண்ணிச் சொல்லுங்கள். ‘எக்ஸ்கியூஸ் மீ, சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டும், மூன்று பேர் மட்டும் அடுத்ததில் வர முடியுமா?’ என்று, கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி கேளுங்கள். அவர் இறங்கினால் பின்னாலேயே இன்னும் இருவர் இறங்குவார்கள். இறங்கியவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

என் அப்பாவை இப்படி ஒரு கப்பலில் கூட்டிப் போனேன். கெப்பல் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கப்பலில் பயணியாக ஏறியது அந்த ஒரு முறைதான். ஒருநாள் மதியம் நிறைந்த மின்தூக்கியில் நாற்காலியை நேராக உள்ளே தள்ளிவிட்டேன். சிறிய முன்சக்கரம் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மாட்டி, அவர் முன்னால் சாய்ந்துவிட்டார். தூக்கி நிறுத்தி உள்ளே போனால், அவர் முகம் பின்சுவரைப் பார்த்தபடி. ஒரு பக்கம் யாரோ ஒருவரின் முதுகுப்பை, அதிலிருந்து தொங்கிய தண்ணீர்ப் புட்டி ஒவ்வொரு அசைவுக்கும் அப்பாவின் காதில் இடித்தது. இன்னொரு பக்கம் நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்த ஒரு பையன், ஈரக் கால்சட்டை அப்பாவின் கையைத் தொட்டபடி. நாற்காலியில் இருப்பவரின் முகம் நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நின்றுகொண்டிருந்த எனக்கு அதுவரை அது உறைத்ததே இல்லை. அப்பா எதுவும் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் மின்தூக்கித் தரையில் அன்றன்றைய கிழமையை எழுதிய விரிப்புப் போட்டிருப்பார்கள். ‘இன்னைக்குத்தான் சனிக்கிழமையா?’ என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை ஒரு பணியாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரம் முதலில் போகும்படி பின்புறமாக உள்ளே இழுக்க வேண்டும். சக்கரம் மாட்டாது, உட்கார்ந்திருப்பவரும் கதவைப் பார்த்தபடி இருப்பார், தளம் வந்ததும் நேராக வெளியே வரலாம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் தொங்கவிடுவதையும், உடம்பைத் துடைத்துவிட்டு ஏறுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரத் தரையில் கைத்தடி ஊன்றி நடப்பவர் வழுக்கி விழுந்தால் விடுமுறை அத்தோடு முடிந்தது.

கூட்ட நேரத்தைத் தாண்ட வேறு வழிகளும் உண்டு. பல கப்பல்களில் அரங்கம் முன்பக்கம் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரும் பக்கத்தில் இருக்கும் மின்தூக்கிக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் அதே தளத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கப்பலின் நடுவுக்கோ பின்பக்கத்துக்கோ போங்கள், அங்கே கூட்டம் குறைவாக இருக்கும். இல்லையென்றால் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்துவிடுங்கள், அல்லது கால்மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள். கீழே போக வேண்டியவர் மேலே போகிற மின்தூக்கியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வருவதைச் சிலர் தவறு என்பார்கள். காலில் பலமுள்ளவர் கூட்ட நேரத்தில் அப்படிச் செய்தால் எனக்கும் பிடிக்காது, மேல்தளத்தில் காத்திருப்பவரின் இடத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். நாற்காலியில் இருப்பவர் செய்யலாம், அவருக்குப் படிக்கட்டு என்ற இன்னொரு வழி இல்லை. மேலே, கீழே என்று இரண்டு பொத்தானையும் அழுத்தி வைப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். தேவையில்லாத பக்கம் போகிற மின்தூக்கியும் உங்கள் தளத்தில் நின்று, கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகும்.

பக்கத்துக் கதவில் புகுந்த இளைஞர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எம்ஆர்டி ரயில் நடைமேடையில் இறங்குபவருக்கு நடுவில் வழிவிட்டு இருபுறமும் நிற்கக் கோடு போட்டிருக்கிறார்கள், நாமும் நிற்கிறோம். கப்பலில் கோடு இல்லை, அவ்வளவுதான். அடுத்த முறை ‘தம்பி, நாங்கள் முன்பே நிற்கிறோம்’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கப்பலில் ஆபத்து என்றால் மின்தூக்கியில் ஏறக்கூடாது, படிக்கட்டுதான். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். கடைசியாக ஏறிய பயணிகளுக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். இப்போது பல கப்பல்களில் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளி பார்த்துவிட்டு, நமக்கென்று ஒதுக்கிய கூடுமிடத்தில் போய்ப் பதிந்துகொண்டால் போதும். உங்கள் மாமியார் படி இறங்க முடியாதவர் என்பதைப் பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய அன்றே வரவேற்பு மேசையிலும் சொல்லுங்கள். அவசரம் என்றால் அவரை அழைத்துப் போக யார் வருவார்கள், எங்கே காத்திருக்க வேண்டும் என்று கேட்டு, அதை அத்தைக்கும் புரியும்படி சொல்லிவையுங்கள். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அகலக் கதவு அறைகள் கப்பலில் கொஞ்சம்தான், டிசம்பருக்கு என்றால் இப்போதே கேளுங்கள். புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்று சிறு படகில் கரைக்குக் கூட்டிப் போவார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நாற்காலியோடு இறங்குவது பெரும்பாலும் நடக்காது. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் ஓரமாகவே கட்டுவதால் அந்தக் கவலை இல்லை.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். அவர் தம்பிக்காகப் பேசுகிறார், அதைத் தப்பாக எடுக்காதீர்கள். ‘உங்கள் தம்பி செய்தது தப்பு’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘அன்றிரவு அம்மா 25 நிமிடம் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் நம்மைப் போல ஆளுக்குக் காத்துக் கதவைப் பிடித்திருப்பார்கள்’ என்று அம்மா பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவருக்கே புரியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் கொழுந்தனார் வருகிறார், கணவர் பேசுகிறார், அந்த ஆன்ட்டி கத்துகிறார். அத்தை மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறையைப் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் தனியாக உட்கார்ந்து, கப்பலில் அவருக்கு எது பிடித்தது, எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். என் அப்பாவிடம் நான் அதை மூன்றாம் நாள்தான் கேட்டேன். அரங்கமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம், விடியற்காலையில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்த்தால் போதும் என்றார். மறுநாள் ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். மின்தூக்கியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. தரையில் விரிப்பை அப்போதே மாற்றியிருந்தார்கள்.