நியூசிலாந்தின் ஃபியோர்ட்லாந்தும் தென்கரைச் சிற்றூர்களும்: குளிர்காலக் கார்ப் பயணக் கேள்வி பதில்

கேள்வி: ஜூலையில் குயின்ஸ்டவுனிலிருந்து, மலைகளுக்கிடையே கடல் நுழைந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரே நாளில் காரில் போய்த் திரும்பலாமா? வரைபடம் நான்கு மணி நேரம் என்கிறது.

பதில்: போகலாம், ஆனால் போகாதீர்கள். ஒரு வழித் தொலைவே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அந்த நான்கு மணி நேரம் உலர்ந்த சாலைக்கான கணக்கு. நியூசிலாந்தின் தென்கோடியில் ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சூரியன் எழவே காலை எட்டரை ஆகிறது. மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடுகிறது. போக வர எட்டு மணி நேர ஓட்டத்தோடு இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தையும் சேர்த்தால், சாலை உறையத் தொடங்கும் நேரத்தில், மிகவும் களைத்த நிலையில், மலைப் பகுதியில் இருப்பீர்கள். வழியிலுள்ள தே அனா என்ற ஊரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்ட் சுமார் 120 கிலோமீட்டர்தான். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, நண்பகல் படகில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். ஒரு நாள் சாலை மூடப்பட்டாலும் மறுநாள் கையில் இருக்கும். எரிபொருளைத் தே அனாவிலேயே முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனி பெய்யாத நாளிலும் மில்ஃபோர்ட் சாலையை மூடுகிறார்களே, ஏன்?

பதில்: ஆபத்து சாலையில் கிடக்கும் பனியால் மட்டும் வருவதில்லை. இந்தச் சாலையில் 1954-இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் இரு புறங்களிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, சாலையிலிருந்து கண்ணுக்கே புலப்படாத உயரத்தில் சேரும் பனி, சில நாட்கள் கழித்துக்கூடச் சரியலாம். 1983-இல் சாலைப் பணி மேற்பார்வையாளர் ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்த பிறகே இங்கு முறையான கண்காணிப்பு உருவானது. இன்று சாலைக் குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து வெடிபொருளைப் போட்டு, சாலையை மூடிய நிலையில், பனியைத் தாங்களே சரியச் செய்கிறார்கள். ‘நிறுத்தாதீர்’ என்ற பலகைகளுக்கு இடையே படமெடுக்கக்கூட வண்டியை நிறுத்தக் கூடாது.

கேள்வி: நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி எடுக்கிறோம். பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சக்கரச் சங்கிலி தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை. நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும்தான் பிரேக் இருக்கிறது.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க இயலவில்லை. நான் கனடாவில் பல குளிர்காலங்கள் சங்கிலி இல்லாமலேயே ஓட்டியவன்.

பதில்: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் ஐயா. ஆனால் அங்கே உங்கள் வண்டியில் குளிர்கால டயர்கள் இருந்திருக்கும். இங்கே வாடகை வண்டிகளில் பெரும்பாலும் சாதாரண டயர்களே இருக்கின்றன. மே முதல் நவம்பர் வரை மில்ஃபோர்ட் சாலையில் சங்கிலி இல்லாமல் வருவோரைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். வாடகை நிலையத்தின் முற்றத்திலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். கை விறைத்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

கேள்வி: வண்டியின் வெப்பமானி 3 டிகிரி காட்டினால் பனிக்கட்டி இருக்காதே? சங்கிலி விவாதமே தேவையற்றது.

பதில்: வெப்பமானி அளப்பது காற்றை. மேகமற்ற இரவில் சாலையின் மேற்பரப்பு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பீச் (beech) மரக் காட்டின் நிழலிலும் பாறைச் சுவரின் அடியிலும் குளிர்காலம் முழுவதும் வெயில் படாத வளைவுகள் உண்டு. அங்கே நண்பகலிலும் பனிக்கட்டி கண்ணாடித் தகடாய்க் கிடக்கும், ஈரச் சாலைபோலவே தோன்றும். அத்தகைய மெல்லிய பனிக்கட்டியில் சங்கிலியும் முழுக் காப்பு அன்று. வேகத்தைக் குறைப்பதே வழி. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: ஒரே நாளில் மில்ஃபோர்ட் போய்த் திரும்ப முடியுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எரிபொருள் பற்றிய வரியையும் சேர்த்து.

கேள்வி: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

பதில்: குடிவரவுத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: மில்ஃபோர்டுக்குப் பின் டனீடின் வரை கடலோரமாகப் போக விரும்புகிறோம். எங்கே நிற்பது?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். தே அனாவிலிருந்து மனபூரி வழியாகத் தெற்கே வாருங்கள். கிளிஃப்டனில் 1899-இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. துவாதாபெரேயைக் கடந்ததும் ஃபோவோ நீரிணை திறந்துகொள்ளும். ஓரேபுகியின் கடற்கரையில் கூழாங்கற்களைத் தேடலாம். ரிவர்ட்டனில் ஓர் இரவு தங்கலாம். பிளஃபில் சிப்பிப் பருவம் ஆகஸ்டு வரை நீடிக்கும். தென்தீவின் தென்முனை பிளஃப் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கேட்லின்ஸ் பகுதியிலுள்ள ஸ்லோப் பாயிண்ட். காற்று அங்குள்ள மரங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டது. அதன் அருகே வைபாபா முனை: 1881-இல் ‘தாராருவா’ கப்பல் மூழ்கி 131 பேர் இறந்ததை அடுத்து, 1884-இல் அங்கே கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. கியூரியோ பே-யின் கல்லாகிப்போன ஜுராசிக் காட்டை நீர் வற்றும் நேரத்தில்தான் பார்க்க முடியும் என்பதால், அன்றைய பயணத்தை ஓத அட்டவணையைப் பார்த்தே அமையுங்கள்.

கேள்வி: கேட்லின்ஸில் சைவ உணவு கிடைக்குமா? கதீட்ரல் குகைகளையும் பார்க்க ஆசை.

பதில்: குளிர்காலத்தில் சிற்றூர் உணவகங்கள் பல சீக்கிரமே மூடிவிடும், சில திறப்பதே இல்லை. இன்வர்காகில் பேரங்காடியில் அரிசியும் காய்கறியும் வாங்கி, சமையலறை உள்ள விடுதியில் தங்குங்கள். குகைகள் குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும்.