ஒக்குராவின் லாபி: கடிதம்

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக டோக்கியோ போனபோது ஒக்குரா ஓட்டலின் லாபியில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். உடன் வந்தவர், "இது 1962-ல் கட்டியதல்ல. அதை இடித்துவிட்டு அதேபோலத் திரும்பச் செய்தது" என்றார். சப்பென்று ஆகிவிட்டது. ஆடம்பர ஓட்டல்களின் வடிவமைப்பு எல்லாமே இப்படிப்பட்ட ஒப்பனைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் சொக்கியிருந்தது பொய்யில்லையே.

பழைய லாபி யோஷிரோ தானிகுச்சி வடிவமைத்தது. 2015-ல் அது மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 2019-ல் திறந்த புதிய கட்டடத்தில் அதைத் திரும்ப அமைத்தவர் அவருடைய மகன் யோஷியோ. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 2004 விரிவாக்கமும் அவர் கைவேலைதான். சரஞ்சரமாகத் தொங்கும் விளக்குகள், மேலிருந்து பார்த்தால் ப்ளம் பூவாகத் தெரியும் மேசையும் நாற்காலிகளும், ஷோஜி எனும் காகிதத் தடுப்புகளில் வடிந்து வரும் வெளிச்சம். அப்பாவின் அளவுகளை மகன் மதித்திருக்கிறார். அளவும் வெளிச்சமும் கூடிவந்துவிட்டால் மரத்தின் வயதை உடம்பு விசாரிப்பதில்லை.

உடனே சிலர் ஜப்பானின் பழைய ஷின்டோ கோயிலான இசே ஆலயத்தை இழுத்து வருவார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள், ஆகவே ஜப்பானியருக்கு அசல், நகல் என்ற பேதமே இல்லையாம். சோம்பேறிப் பதில். இசேயில் கட்டுவதே சடங்கு. ஒக்குராவை இடித்தது மனையின் விலைக்கணக்கு, அதற்கு வந்த எதிர்ப்பும் கொஞ்சமல்ல. தாழ்வாகப் படர்ந்திருந்த ஓட்டல் இருந்த இடத்தில் இன்று 41 மாடிக் கோபுரம் நிற்கிறது. அதன் பல தளங்களில் வாடகைக்கு அலுவலகங்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அந்த அலுவலகக்காரர்களும்தான் பணம் கட்டுகிறார்கள். லாபி திரும்ப வந்துவிட்டது. அந்தத் தாழ்வான கட்டடம் வரவில்லை. வருத்தப்படுவதென்றால் அதற்கு வருத்தப்படலாம்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் டோக்கியோவில் கட்டிய இம்பீரியல் ஓட்டல் கதி இன்னும் மோசம். 1923 செப்டம்பர் 1, திறப்பு விழா நாளன்றே வந்த பெரும் பூகம்பத்தைத் தாங்கிய கட்டடம் 1968-ல் இடிபட்டது. அதன் முகப்பும் லாபியும் மட்டும் நகோயா பக்கம் மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பெட்டியோடு வந்து அறை கேட்க முடியாது. எனக்கு ஒக்குராவின் நகலே மேல்.

ஒப்பனை என்றீர்களே, அதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 2014-ல் திறந்த அமான் டோக்கியோவை வடிவமைத்தவர் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கெர்ரி ஹில். சத்தியமாக அசல். வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தாலான விளக்குப் பெட்டிபோல ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் கூரை, பிரமாதமான வேலை. ஆனால் அந்த லாபி இருப்பது 33-ஆம் மாடியில். தெருவில் போகிறவனுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. இன்றைய ஆடம்பரம் விற்பது பெரும்பாலும் இந்தத் தூரத்தைத்தான். ஒக்குராவில் உங்களை யாரும் அறை எண் கேட்டார்களா?