லேசரைக் கூட்டினால் போதுமா? ஈர்ப்பு அலைக் கேள்வி-பதில்

லைகோ என்பது அமெரிக்காவின் ஈர்ப்பு அலைக் கருவி: 4 கி.மீ. நீளக் கைகள் இரண்டில் லேசரை ஓட்டி, ஆடிகளில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒப்பிட்டு, அலை கடக்கும்போது கைகளின் நீளம் மாறுகிறதா என்று பார்க்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த லேசரைப் பற்றியவை. அதற்கே அதிக இடம் போகும்; மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: கருவியின் உணர்திறன் இரண்டு மடங்கானால் நிகழ்வுகளும் இரண்டு மடங்கு கிடைக்கும், சரியா?

தவறு. 8 மடங்கு. நாம் அளப்பது அலையின் வீச்சை. தூரம் இரட்டித்தால் அது பாதியாகும், அவ்வளவுதான். எனவே எட்டும் தூரம் இரட்டிக்கிறது, கன அளவு எட்டு மடங்காகிறது. மோதி இணையும் நியூட்ரான் விண்மீன் ஜோடிகளுக்கு லைகோ எட்டும் தூரம் 130 மெகாபார்செக்கிலிருந்து (ஒரு மெகாபார்செக் ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு) 160 ஆனது அற்பமாகத் தோன்றும். எண்ணிக்கையில் அது ஏறக்குறைய இரட்டிப்பு.

கேள்வி: 10⁻²¹ மீட்டர் அசைவை அளக்கிறார்கள் என்று வைத்து மூன்று பக்கக் கணக்கு இணைத்துள்ளேன். சரிபார்க்கவும்.

முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். அது மீட்டர் இல்லை, விகிதம்: கையின் நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பது. 4 கி.மீ. கையால் பெருக்குங்கள்: 4×10⁻¹⁸ மீட்டர், புரோட்டான் விட்டத்தில் 400இல் ஒரு பங்கு. மூன்று பக்கமும் 4000 மடங்கு தவறு. அலகைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

கேள்வி: லேசரின் திறனை 10 மடங்கு ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே! ஏன் மற்றதையெல்லாம் போட்டுக் குடைகிறார்கள்?

ஐந்து பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். அலையின் எந்த அதிர்வெண்ணில் என்று ஒருவர்கூட எழுதவில்லை. உணர்திறன் ஒற்றை எண் அல்ல, வளைகோடு. அதன் ஒவ்வொரு பகுதியையும் கெடுப்பது வெவ்வேறு ஆள்.

சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே ஷாட் இரைச்சல். ஒளித்துகள்கள் தகரக் கூரையில் விழும் மழைத்துளி மாதிரி தாறுமாறாக வந்து விழுவதால் வருவது. லேசரைக் கூட்டினால் குறையும்தான், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்: 10 மடங்கு திறனுக்கு 3 மடங்கு லாபம். கீழே, சில பத்து ஹெர்ட்ஸில், அதே துகள்கள் 40 கிலோ ஆடியை இடித்துத் தள்ளுகின்றன. அந்த இரைச்சல் 3 மடங்கு ஏறும். சூடு இன்னொரு தொல்லை. கைகளுக்குள் இப்போதே சில நூறு கிலோவாட் ஒளி ஓடுகிறது. ஆடியின் மேல் ஒளியைத் திருப்பும் பூச்சில் சில பத்து மைக்ரான் அகலத்தில் ஒரு புள்ளி ஒளியை உறிஞ்சினால் போதும், அந்த இடம் சூடாகிப் புடைத்து ஒளியைச் சிதறடிக்கும். லைகோவில் இதற்காகவே ஆடிகளை மாற்ற நேர்ந்தது.

இனி என் பழைய புலம்பல். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியில் பெரிய தொல்லை பூச்சின் வெப்ப இரைச்சல். 20 செ.மீ. தடிமனுள்ள தூய சிலிக்கா ஆடி, தட்டினால் வெண்கல மணியைவிட நெடுநேரம் அதிரும். அதன் மேல் சிலிக்காவையும் டான்டலம் ஆக்சைடையும் மாற்றி மாற்றி அடுக்கிய சில மைக்ரான் பூச்சு, மணியில் ஒட்டிய ஈரத்துணி. எங்கே அதிர்வு கரைகிறதோ அங்கிருந்தே வெப்ப நடுக்கமும் கிளம்பும். லேசரை 1000 மடங்கு ஏற்றினாலும் இது இம்மியும் குறையாது. டைட்டானியம், ஜெர்மானியம் ஆக்சைடுக் கலவைகளைப் பூசி, சூடேற்றிப் பதப்படுத்தி, வருடக்கணக்காகச் சோதிக்கிறார்கள். அதைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை.

கேள்வி: கையை நீளமாக்கினால்?

இது கேள்வி. கை 10 மடங்கு நீண்டால் சைகை 10 மடங்கு பெருகும்; பூச்சின் நடுக்கமோ அப்படியே இருக்கும். 40 கி.மீ. கைகளோடு திட்டமிடும் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் கருவியின் அடிப்படையே அதுதான்.

கேள்வி: வெற்றிடத்தை 'இறுக்குவது' என்றால் குழாயிலிருந்து இன்னும் காற்றை உறிஞ்சுவதா?

இல்லவே இல்லை. ஒளியே இல்லாத இடத்திலும் மின்காந்தப் புலத்துக்குக் குவாண்டம் நடுக்கம் உண்டு; அது கருவியின் வெளிவாசல் வழியாக உள்ளே நுழைகிறது. இறுக்குவது அந்த நடுக்கத்தைத்தான்: கட்டத்தில் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்) அமுக்கினால் வீச்சில் பிதுங்கும். 1981இல் இயற்பியலாளர் கேவ்ஸ் சொன்ன யோசனை. 2019இல் லைகோவின் மூன்றாம் அவதானிப்புச் சுற்றில் வழக்கத்துக்கு வந்தது. அதனால் மேல் அதிர்வெண்ணில் லாபம்; கீழே, பிதுங்கிய வீச்சு ஆடியைத் தள்ளுவதால், நஷ்டம். (எந்த அதிர்வெண் என்று கேளுங்கள் என்பேனே!) 2023 முதல் அதை, எதிரெதிர் ஆடிகள் வைத்த 300 மீட்டர் வடிகட்டிக் குழியில் அனுப்பி, மேலே கட்டத்தையும் கீழே வீச்சையும் அமுக்குகிறார்கள்.

கேள்வி: ஆடியைக் குளிர்வித்தால் நடுக்கம் அடங்காதா?

சிலிக்காவில் நடக்காது, குளிர்ந்தால் அதன் உள் உராய்வு ஏறிவிடும். அதனால்தான் ஜப்பானின் ஈர்ப்பு அலைக் கருவியான காக்ரா நீலக்கல் ஆடிகளுக்குப் போனது, இலக்கு 20 கெல்வின்.

கேள்வி: ஆடிக்கு இன்னும் நல்ல தொங்கல் அமைப்பு செய்து, கீழே 1 ஹெர்ட்ஸ் வரை போகலாமே?

நிலத்தின் அசைவு ஆடிக்கு வராமல் தடுக்கலாம், அசையும் நிலம் ஆடியை ஈர்ப்பதைத் தடுக்க முடியாது. அதற்குத் திரை கிடையாது. நிலத்தடிக்குப் போக வேண்டும், அல்லது நில அசைவை அளந்து கழிக்க வேண்டும்.

கேள்வி: காக்கையால் லைகோ கெட்டது என்பது கட்டுக்கதைதானே?

நிஜம். 2017 கோடையில் ஹான்போர்டில் உள்ள லைகோ நிலையத்தில், திரவ நைட்ரஜன் போகும் குழாயில் உறைந்த பனியைத் தாகமெடுத்த அண்டங்காக்கைகள் கொத்தின. கொத்தின் அதிர்வு குழாய் வழியே போய்த் தரவில் குறியாக விழுந்தது. போய்ப் பார்த்தால் பனியில் அலகுத் தடங்கள்.