நகல் என்று சொல்லாதீர்கள்

*அன்புள்ள ஆசிரியருக்கு, சென்ற வாரம் சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்துக்குப் போயிருந்தேன். அழகுதான். ஆனால் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நகல் என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கட்டிய நகலில் நாம் கொண்டாட என்ன இருக்கிறது? உள்ளே ஏன் அவ்வளவு எதிரொலி? – ஒரு வாசகர்*

அன்புள்ள நண்பருக்கு,

எதிரொலியை விடுங்கள். வட்டக் கூடத்தின் மேல் குவிமாடம் வைத்தால் அப்படித்தான்.

யாரோ சொன்னதைச் சரிபார்க்காமல் அப்படியே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். முகப்புத் தூண்களும் கோபுரமும் லண்டன் சாயல்தான், சரி. ஆனால் அங்கே கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வரைந்தது வட்டமான தேவாலயம். செலவு அதிகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1726இல் முடிந்தது நீள்சதுரக் கட்டடம். வட்ட வரைபடம் 1728இல் அவர் வெளியிட்ட புத்தகத்தோடு நின்றுபோனது. அந்த வட்டத்தைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் மேஜர் டி ஹாவிலண்ட் 1818இல் எழும்பூரில் தொடங்கி, 16 தூண்கள் மேல் குவிமாடம் ஏற்றி, 1821க்குள் முடித்தார். லண்டன்காரர்கள் பார்க்க முடியாமல் போனதை நீங்கள் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அப்புறம், நீங்கள் அண்ணாந்து மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். அது ஈர மண். இவ்வளவு கனத்தைச் சாதாரண அஸ்திவாரம் தாங்காது. அதனால் சுமார் 150 கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கட்டினார்கள். கிணற்று அஸ்திவாரம் இந்த நாட்டின் பழைய முறை. தாஜ்மகாலும் யமுனைக் கரையில் அப்படித்தான் நிற்கிறது.

என் தாய்மாமா கடலோரத்தில் உறைகிணறு இறக்குவார். உறையைத் தரையில் வைத்து உள்ளே இறங்கி மண்ணை அள்ளுவார். அள்ள அள்ள உறை தன் கனத்திலேயே இறங்கும், மேலே அடுத்த உறை ஏறும். ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டிவிட்டால் உறை சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. நாங்கள் மேலே நின்று சத்தம் போட்டால் திட்டுவார். மண் சரியும் ஓசை அவருக்குக் கேட்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே அத்தனை கவனம். எழும்பூரில் 150. ஒன்று பிசகினாலும் மேலே தூண் விரிசல் விடலாம். இருநூறு ஆண்டு தாண்டியும் குவிமாடம் நிற்கிறது.

அந்தக் குழிகளுக்குள் இறங்கி மண் அள்ளியவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்றா நினைத்தீர்கள்? நம் ஊர் ஆட்கள், ஐயா. கொண்டாட என்ன இருக்கிறது என்று இனி கேட்காதீர்கள். இன்னொரு முறை போங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்.