கிறிஸ்துமஸ் ரோஸ்டுக்கு எந்தத் துண்டு?

கேள்வி: நாங்கள் பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு இந்த முறை பத்துப் பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாட்டிறைச்சியை முழுத்துண்டாக ரோஸ்ட் செய்ய ஆசைப்படுகிறேன். மீந்ததை வைத்து 26, 27 தேதிகளையும் ஓட்டிவிட வேண்டும். அண்டர்கட் வாங்கினால்தான் மிருதுவாக இருக்கும் என்கிறார் என் நாத்தனார். இணையத்தில் பார்த்த குறிப்புகளோ விலா எலும்போடு வாங்கி, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடச் சொல்கின்றன. மாமியாருக்குப் பல்செட் வேறு. எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது? – ஒரு வாசகி, பெங்களூரு.

பதில்: சகோதரி, அண்டர்கட்டும் வேண்டாம், விலாவும் வேண்டாம், முன்சப்பையை, அதாவது முன்னங்காலின் தோள்பக்கத்து இறைச்சியை, வாங்குங்கள். காரணம் சொல்ல வேண்டுமென்றால், நம் ஊர்க் கடையில் தொங்குவது எந்த விலங்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2021 ஜனவரியில் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பசு, காளை, எருது, கன்று எதையும் வெட்டக் கூடாது. 13 வயதைக் கடந்த எருமையை மட்டும் உரிய சான்று பெற்று வெட்டலாம். ஆக, சிவாஜிநகரில் வாங்கினாலும் ஜான்சன் மார்க்கெட் பக்கம் வாங்கினாலும் முறையாக உங்கள் பைக்குள் விழுவது வயதான எருமையின் இறைச்சிதான். நீங்கள் பார்த்த குறிப்புகளை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருப்பது ஏறக்குறைய இரண்டு வயதில் வெட்டப்படும், தானியம் தின்று கொழுத்த மாட்டை. அதன் விலாத் தசைக்குள்ளேயே கொழுப்பு நூல் நூலாக ஓடியிருப்பதால், பாதி வெந்த நிலையிலும் அது கத்திக்கு இணங்கும். எருமைக்குக் கொழுப்பு வெளியே வெள்ளையாகப் படிந்திருக்குமே தவிர, தசைக்குள் அவ்வளவாக இறங்குவதில்லை. வயதான எருமையின் விலாவை இளஞ்சிவப்பாக இறக்கி வைத்தால் உங்கள் மாமியார் மட்டுமல்ல, பல் முப்பத்திரண்டும் சொந்தமாக உள்ளவர்களும் சங்கடப்படுவார்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முதுகெலும்புக்கு அடியில், அதிகம் உழைக்காமல் கிடக்கும் தசை என்பதால் வயதான எருமையிலும் அண்டர்கட் மிருதுவாகவே இருக்கும். ஸ்டேக் போடுவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது மூன்று நாளைக்கு ஈடு கொடுக்கும் இறைச்சி. அண்டர்கட்டில் கொழுப்பும் குறைவு, சவ்வும் குறைவு. மறுநாள் சூடுபடுத்தும்போது அதற்குள் ஈரத்தைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. ஒரு கிறிஸ்துமஸுக்கு விலையைப் பார்க்காமல் இரண்டு அண்டர்கட் வாங்கி விருந்தில் பாராட்டு வாங்கிய நான், மறுநாள் காலையில் அதே துண்டுகளைத் தோசைக்கல்லில் சூடு செய்து, மரத்தூள் மாதிரி உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு, முட்டை வாங்க ஆள் அனுப்பினேன்.

முன்சப்பை இதற்கு நேர்மாறு. விலங்கு நடக்கும்போதெல்லாம் உழைத்த தசை என்பதால் அதன் ஊடே வெள்ளைச் சவ்வு வரிகள் ஓடும். பச்சையாகப் பார்த்தால் இதையா ரோஸ்ட் போடுவது என்று தோன்றும். மூடிய பாத்திரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுதீயில் கிடந்தால் அந்தச் சவ்வு கரைந்து பசைபோலக் குழம்பில் இறங்கும். மறுநாள் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள்: குழம்பு பாயசக் கிண்ணத்துப் பாலாடைபோல உறைந்து, தட்டினால் ஆடும். மீண்டும் சூடேறும்போது அது உருகி இறைச்சியின் மேல் பூசிக்கொள்வதால், இரண்டாம் நாள் ருசி முதல் நாளைவிட ஒரு படி மேலே நிற்கும். பின்தொடையும் பெரிய துண்டாகக் கிடைக்கும், அழகாகச் சீவ வரும்; ஆனால் சவ்வு குறைவாதலால் கொஞ்சம் வறட்சி. சாண்ட்விச்சுக்கு மெல்லிய சீவல் வேண்டுமென்றால் ஒரு துண்டை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் முழுவதையும் முன்சப்பையிலேயே எடுப்பேன்.

எலும்பில்லாமல் நான்கு கிலோ வாங்குங்கள், ஆனால் ஒரே துண்டாக வேண்டாம். இரண்டு கிலோவாக இரண்டு. நம் வீட்டு ஓடிஜி அடுப்பிலோ ஐந்து லிட்டர் குக்கரிலோ நான்கு கிலோத் துண்டு உட்காராது. நீண்ட நேரம் வெந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரியாணி, பொரியல் என்று மற்றவையும் இருக்கும் விருந்தில் பத்துப் பேர் சாப்பிட்டது போக ஒரு கிலோ அளவுக்கு மீறும். இரண்டு நாளுக்கு அது தாராளம்.

கடையில் முன்சப்பையை 'தஸ்தி' என்று கேளுங்கள். நம் ஊர் இறைச்சிக் கடைகளில் உருதுச் சொற்கள்தான் புழக்கம். சொல்லி வாய் மூடுவதற்குள் கத்தி இறங்கித் துண்டு துண்டாகிவிடும் என்பதால், 'குழம்புக்கு இல்லை, முழுசா வேணும்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எருமை இறைச்சியின் நிறம் கருஞ்சிவப்பு. அதைப் பழசு என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். கையில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது, புளித்த வாடை வரக் கூடாது, விரலால் அழுத்தினால் குழி மேலெழும்ப வேண்டும், அவ்வளவுதான் சோதனை. வெளியே வெள்ளித் தகடுபோல ஒட்டியிருக்கும் தடித்த தோலைச் சீவித் தரச் சொல்லுங்கள், உள்ளே ஓடும் சவ்வைத் தொட விடாதீர்கள். 24ஆம் தேதிக் கூட்டத்தில் போய் நிற்காமல் 22ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். அன்று வெட்டிய இறைச்சி விறைத்திருக்கும். ஒரு நாள் குளிர்பெட்டியில் கிடந்தால்தான் இளகும்.

(என் பாட்டி காலத்தில் கிறிஸ்துமஸ் என்றால் உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் பல நாள் ஊறவைத்த திமில்தான். இன்று நம் ஊரில் அதைத் தேடிப் பயனில்லை. எருமைக்குத் திமில் ஏது?)

செய்முறையை நீட்டப் போவதில்லை. 23ஆம் தேதி இரவு கிலோவுக்கு 15 கிராம் உப்பும், மிளகும், இஞ்சி பூண்டு விழுதும் தடவி, துண்டைப் பருத்தி நூலால் கட்டி வையுங்கள். மறுநாள் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, வெங்காயமும் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் துண்டு பாதி மூழ்கும் அளவு தண்ணீரும் சேர்த்து, முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் இறைச்சி பிரியும்வரை சிறுதீயில் விடுங்கள். குக்கர் என்றால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான். முதல் விசிலுக்குப் பிறகு தீயைத் தணித்து ஒரு மணி நேரம். இரண்டு துண்டையும் 24ஆம் தேதி பகலிலேயே முடித்துவிட்டால் நடுராத்திரிப் பூசைக்கு நிம்மதியாகக் கிளம்பலாம். விருந்தன்று ஆறிய துண்டை நாருக்குக் குறுக்கே அரை விரல் கனத்தில் வெட்டிக் குழம்பில் சூடுபடுத்துங்கள்; சூட்டோடு வெட்டினால் பிய்ந்து நாராகிவிடும். மாமியாருக்கு மட்டும் ஓரத்தில் பிரிந்து வரும் துண்டுகளைக் குழம்போடு தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

டிசம்பர் குளிர்தானே என்று பாத்திரத்தை மேடையிலேயே விட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. வெளியில் 15 டிகிரியாக இருக்கலாம், சமையலறை அப்படி இருக்காது. இறக்கிய இறைச்சியையும் குழம்பையும் அகலமான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். 27ஆம் தேதிவரை கவலையில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள்.

26ஆம் தேதி மதியத்துக்கு ஜல்ஃப்ரேசி செய்யுங்கள். விருந்தில் மீந்த குளிர்ந்த இறைச்சிக்காகவே ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் வளர்ந்த பதார்த்தம் அது: நீளவாக்கில் அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் மஞ்சள், அதில் இறைச்சிக் கீற்றுகளைப் போட்டு ஓரம் முறுகப் புரட்டினால் பத்து நிமிட வேலை. 27ஆம் தேதி மீந்திருப்பதைக் கையால் பிய்த்து, உறைந்த குழம்போடு சட்டியில் போட்டு, நிறைய மிளகு தட்டிச் சுண்ட விடுங்கள். பரோட்டாவை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.