‘வரலாம்’ என்பதற்கு எத்தனை சதவீதம்?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் பூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவருகிறேன். சென்ற மார்கழியில் பனியால் மல்லிகை வரத்து அடியோடு குறைந்த ஒரு நாள், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘வீ மே நாட் செண்ட் த ஃப்ளவர்ஸ் டுடே’ என்று எழுதினேன். இன்று பூ அனுப்ப முடியாது என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னதாக நினைத்தேன். அவரோ இரவு வரை காத்திருந்து, வேறு இடத்தில் வாங்கும் வாய்ப்பையும் இழந்துவிட்டார். முதலாளி கடிந்துகொண்டார். நான் படித்த ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் ‘மஸ்ட்’ 95 சதவீதம், ‘மே’ 50, ‘மைட்’ 30 என்று ஓர் அட்டவணை கொடுத்தார்கள். இன்றும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘லாம்’ போட்டுப் பழகிய நமக்கு இந்த வேறுபாடுகள் பிடிபடவே செய்யாதா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அட்டவணையை எடுத்து வைத்துவிடுங்கள். மே என்றால் 50, மைட் என்றால் 30 என்று கணக்குப் போட்டு ஆங்கிலத்தில் யாரும் பேசுவதில்லை. ‘இட் மே ரெயின்’ என்பவரும் ‘இட் மைட் ரெயின்’ என்பவரும் ஒரே மேகத்தைப் பார்த்து, ஒரே அளவு ஐயத்தோடு சொல்லியிருக்கலாம். மைட்டில் தயக்கம் ஒரு பிடி கூடுதல் என்று உணர்கிறவர்கள் உண்டு; ஆனால் அன்றாடப் பேச்சில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

உங்கள் அட்டவணையில் எண்களைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதில் ‘நாட்’ இல்லை. நீங்கள் சறுக்கியதும் அங்கேதான்.

‘வீ கேனாட் செண்ட்’ என்றால் அனுப்ப வழியே இல்லை. மறுப்பு வாய்ப்பின் தலையிலேயே விழுகிறது. ‘வீ மே நாட் செண்ட்’ என்றால் மறுப்பு அனுப்புதலின் மேல் மட்டும் விழுகிறது. வாய்ப்பு அப்படியே நிற்கிறது. அனுப்பாமல் போகலாம், அனுப்பினாலும் அனுப்பலாம். உங்கள் வாடிக்கையாளர் ஆங்கிலத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அதனால்தான் காத்திருந்தார். உங்கள் மனத்தில் இருந்த ‘முடியாது’ என்ற தமிழ்ச் சொல்லும் சரியானதுதான். மரியாதைக்காக அதை மென்மையாக்கப் போய், பொருளையே மாற்றிவிட்டீர்கள். மரியாதையைக் காட்ட ஆங்கிலத்தில் ‘சாரி’, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ எல்லாம் இருக்கின்றன. உறுதியைக் குறைத்து மரியாதை செய்ய வேண்டியதில்லை; வியாபாரக் கடிதத்தில் அது மறுமுனையில் இருப்பவருக்குச் செய்யும் தீங்கு.

இனி, தமிழில் எல்லாம் ‘லாம்’தான் என்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். லாம் என்பதே ‘ல்’லும் ‘ஆம்’மும் சேர்ந்தது. போகல் ஆம், அதாவது போகுதல் ஆகும். ஆகக்கூடியது என்ற அந்த ஒரு கருத்திலிருந்துதான் ‘நீ போகலாம்’ என்ற அனுமதியும், ‘வாருங்கள் போகலாம்’ என்ற அழைப்பும், ‘அவர் இந்நேரம் வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஊகமும் கிளைத்திருக்கின்றன. ஆங்கில ‘மே’யும் அனுமதி, வாய்ப்பு என்ற இரண்டு வேலைகளையும் செய்கிறது. ‘விசிட்டர்ஸ் மே நாட் என்டர்’ என்று ஒரு கதவில் எழுதியிருந்தால் அது ஐயமில்லை, தடை. இதைப் பார்த்து மிரள வேண்டாம். ‘மழை பெய்யக்கூடும்’ என்று வானிலை அறிக்கையில் கேட்கிறோம். ‘கூடும்’ அங்கே வாய்ப்பு. அதை எதிர்மறையாக்கி ‘உள்ளே வரக்கூடாது’ என்றால் தடை. நாம் இதைக் குழப்பிக்கொள்வதே இல்லை.

உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. ‘எந்த நேரத்திலும் தண்ணீர் திறக்கப்படலாம், ஆற்றில் இறங்க வேண்டாம்’ என்று கரையோர ஊர்களுக்குச் செய்தி வரும். இதை வெளியூர்ப் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வாட்டர் கேன் பி ரிலீஸ்ட்’ என்று எழுதினால் என்ன ஆகும்? அணையில் மதகு இருக்கிறது, தண்ணீரைத் திறக்க முடியும் என்று ஆகும். அது கோடையிலும் உண்மை, ஆறு வறண்டு கிடக்கும் நாளிலும் உண்மை. படிப்பவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்க இறங்கிவிடலாம். ‘வாட்டர் மே பி ரிலீஸ்ட் அட் எனி டைம்’ என்றால்தான் இன்றைய ஆபத்தைச் சொல்கிறது. ‘வாட்டர் குட் பி ரிலீஸ்ட்’ என்று ‘குட்’ போட்டாலும் சரியே.

அப்படியானால் ‘கேன்’ வாய்ப்பைச் சொல்லவே சொல்லாதா என்றால், சொல்லும். ஆனால் இன்றைக்கு நடக்கப்போவதை அல்ல, பொதுவாக நடப்பதுண்டு என்பதை. அதற்கு நம்மிடம் ‘உண்டு’ இருக்கிறது. ‘மதுரையில் சித்திரை வெயிலுக்கு நடுவிலும் திடீரென்று மழை கொட்டுவதுண்டு.’ இங்கே ‘இட் கேன் ரெயின்’ அழகாகப் பொருந்தும். ‘இன்று சாயங்காலம் மழை வரலாம்’ என்பதற்கு அது பொருந்தாது. எழுதும் முன் மனத்துக்குள் ‘உண்டு’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கேன், பொருந்தாமல் ‘லாம்’ கேட்டால் மே, மைட், குட் மூன்றில் ஒன்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் இதில் தடுக்குகிறார்கள். ‘பார்சல் உங்களுக்குக் கிடைத்திருக்கும்’ என்பதை ‘யூ வுட் ஹேவ் ரிசீவ்ட் த பார்சல்’ என்று எழுதுகிறோம். நம் காதுக்கு அது முழு வாக்கியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கோ அது பாதியில் நிற்கிறது. ‘கிடைத்திருக்கும், ஆனால்...’ என்று மீதிக்குக் காத்திருப்பார். பார்சல் தொலைந்துவிட்டது என்றே நினைத்துவிடக்கூடும். நமக்குத் தமிழில் ‘இருக்கும்’ இரண்டு இடத்திலும் வருகிறது: ‘இந்நேரம் பஸ் மாட்டுத்தாவணி வந்திருக்கும்’ என்பது ஊகம், ‘டயர் வெடிக்காவிட்டால் பஸ் வந்திருக்கும்’ என்பது நடக்காமல் போனது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ்’ அல்லது ‘வில் ஹேவ்’, இரண்டாவதற்குத்தான் ‘வுட் ஹேவ்’.

இறந்தகாலத்தில் இன்னொரு நுட்பம். ‘வெள்ளம் அவனை இழுத்துப் போயிருக்கலாம்’ என்று கரையில் நின்று தேடுகிறவர்கள் சொன்னால், என்ன ஆனது என்று இன்னும் தெரியவில்லை. ‘மே ஹேவ்’ அதற்குரியது. பையன் நனைந்த சட்டையோடு வீடு வந்து சேர்ந்த பிறகு அவன் தாய் ‘வெள்ளம் இழுத்துப் போயிருக்குமே’ என்று பதறினால், நடக்கவில்லை என்பது தெரியும். அங்கே ‘மைட் ஹேவ்’ அல்லது ‘குட் ஹேவ்’ வேண்டும். மேயும் மைட்டும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, கவனமாக எழுதுகிறவர்கள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும் இடம் இது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பதே இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

‘குட் ஹேவ்’ கோபத்தையும் சுமக்கும். ‘யூ குட் ஹேவ் டோல்ட் மி!’ அதன் தமிழ் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: ‘சொல்லியிருக்கலாமே!’ அந்த ‘ஏ’ ஒன்றில் மனத்தாங்கல் முழுவதும் வந்துவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர் அன்று இரவு இதைத்தான் எழுத நினைத்திருப்பார்.

அடுத்த பனிக்காலத்துக்கு இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மார்க்கெட்டிலிருந்து இன்னும் தகவல் வராதபோது: ‘வீ மே நாட் பி ஏபிள் டு செண்ட் த ஃப்ளவர்ஸ் டுடே. வீ வில் கன்ஃபர்ம் பை டென்.’ வரத்து இல்லை என்று தெரிந்த பிறகு: ‘வீ ஆர் சாரி, வீ கேனாட் செண்ட் த ஃப்ளவர்ஸ் டுடே.’ முதலாவதை அனுப்பிய நாளில், பத்து மணிக்குள் இன்னொரு கடிதம் கட்டாயம் போக வேண்டும்.